ஒப்பிடுங்கள், ஆனால் எதை?



குனோங் ராபாட் உணவுக்கடைகளில் நான்கு பேர் கூடினால் பேச்சு பேராக் காற்பந்து அணியில் தொடங்கி, ஜொகூர் டாருல் தக்சிம் அணியில் வந்து நிற்கும். "ஜேடிதியைப் பாருங்கள்" என்பார் ஒருவர். "1926இலேயே மலாயாக் கிண்ணம் வென்றவர்கள் நாங்கள். நேற்று வந்தவர்களோடு எங்களை ஒப்பிடுவதா?" என்று மேசையைத் தட்டுவார் மற்றவர். இருவர் வாதமும் பிழை என்பதே என் துணிபு.

முதலில் பழம்பெருமை. 2002, 2003 ஆண்டுகளின் லீக் பட்டங்களும் 2018இன் மலேசியக் கிண்ணமும் நம்முடையவை, மறுப்பார் இல்லை. ஆயினும் அதே அணி 2021இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஆட்டக்காரர்களின் சம்பள நிலுவை அவ்வாண்டு செய்தியானது. 2025இல் சூப்பர் லீக்கிலிருந்தே விலக நேர்ந்தது. பெருமை பேசிய நம்மில் எத்தனை பேர் வரவு செலவு கேட்டோம்?

இனி ஒப்பிடுவோர். ஜேடிதி 2014 முதல் 2024–25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை லீக் பட்டம் வென்றது. 2015இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் கிண்ணத்தையும் கைப்பற்றியது. உண்மைதான். ஆனால் 2013இல் அங்கே நிர்வாகம் ஒரு குடையின்கீழ் வந்ததும், பெரும் நிதி திரண்டதும், இளையோர் பயிற்சி வேரூன்றியதும் ஒப்பீட்டில் இடம்பெறுவதே இல்லை. விளைச்சலை மட்டும் ஒப்பிடுகிறோம், உழவை ஒப்பிடுவதில்லை.

பெற்றோர்களே, இதே பேச்சைத்தான் நம் பள்ளி வாசலிலும் கேட்கிறேன். "அந்தப் பள்ளியைப் பாருங்கள் சார்" என்று சொல்லிப் பிள்ளையை மாற்றிக்கொண்டு போவோர் உண்டு. அங்கே எத்தனை பெற்றோர் கூட்டத்திற்கு வருகிறார்கள், மாலை வகுப்புக்கு யார் பொருளுதவி செய்கிறார்கள், வீட்டில் யார் புத்தகம் திறக்கிறார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. ஆசிரியர்களாகிய நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். "தோட்டக் காலத்திலிருந்தே நிற்கும் பள்ளி இது" என்று மார்தட்டினால், வாசிக்கத் தடுமாறும் மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு அதனால் ஆவதென்ன?

ஆகவே, ஒப்பிடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிறர் எப்படி உழைத்தார்கள் என்பதை ஒப்பிடுங்கள். நம் பிள்ளையைச் சென்ற ஆண்டின் நம் பிள்ளையோடு ஒப்பிடுங்கள். பேராக் அணி விலகிய பின் வருந்தியவர் ஏராளம். மாணவர் இன்றிப் பள்ளி மூடப்பட்ட பின் வருந்துவதால் பயன் இல்லை.