கண்ணேறா, கண்ணயர்வா?

மடி கல்லாய் இறுகிவிட்டது; தொட்டால் கொதிக்கிறது; கன்று முட்டினால் தாய்ப்பசு உதைக்கிறது; திரிதிரியாய் வருகிறது பால். வீட்டார் என்ன செய்கின்றனர்? உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பிலே போடுகின்றனர், தோழனே! எதிர்வீட்டுக்காரி கண் வைத்துவிட்டாளாம்! பாவம், அவள் பார்த்ததோ பசுவை. தேடிக்கொண்டதோ பத்தாண்டுப் பகையை!

காரணம் கண்ணன்று, கிருமி. கறந்தபின் அரைமணி நேரமாவது காம்பின் துளை திறந்தே கிடக்கிறது. அந்நேரம் பசு சாணியிலே படுத்தால், திறந்த வீட்டில் திருடன் நுழையத் தடையேது? கறந்தவுடன் தீவனம் வை; நின்று தின்னட்டும். கை கழுவிக் கற. முதற் பீச்சைக் கறுப்புத் துணியிலே விட்டுப் பார். திரி தெரிந்தால் அன்றே மருத்துவரை அழை. கால்நடை ஊர்திக்கென 1962 என்ற எண் தமிழ்நாட்டில் இருக்கிறதே!

மந்திரிப்பவனோ மூன்று நாள் தவணை கேட்கிறான். அதற்குள் மடியின் ஒரு பகுதி செத்துவிடக்கூடும். நான்கு காம்பில் ஒன்று வெறுந்தோல். இழப்பு யாருக்கு? வேப்பிலை அடித்தவனுக்கா? பால் பணத்தை நம்பிக் கடன் வாங்கிய ஏழைத் தாய்க்கு!

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50, சுண்ணாம்பு 15 அரைத்துப் பூசுவதை நான் பழிக்கவில்லை. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே பரிந்துரைப்பது அது; பழையது என்பதற்காக அன்று, ஆய்ந்து பார்த்ததற்காக. கொம்பிலே எலுமிச்சை கட்டுவோரும் அப்படி ஓர் ஆய்வுக்கு வரட்டும், பார்ப்போம்!

ஒன்று மறவாதே: ஊசி போட்ட பசுவின் பாலை, மருத்துவர் சொல்லும் நாள்வரை சங்கத்தில் ஊற்றாதே. யாரோ ஒரு கூலிக்காரன் பிள்ளை அதைத்தான் குடிக்கிறது.