பெயர் வேண்டாம், கணக்கு வேண்டும்



அடுத்த மாதம் திரும்பவும் கேக் விக்கப் போறம். அகதி அந்தஸ்துக்கு விண்ணப்பித்துவிட்டு லண்டனில் காத்திருக்கிற ஆக்களுக்கான பஸ் காசு நிதிக்குத்தான். அறிவிப்பு அனுப்பிய அன்றே இரண்டு விதமான பதில் வந்தது. ஒன்று, "நான் ரெண்டு தட்டு அடிச்சுக்கொண்டு வாறன்." மற்றது, "இடதுசாரி அமைப்பு கேக் வித்தால், எங்களுக்கும் கோயில் மாதர் சங்கத்துக்கும் என்ன வித்தியாசம்?"

இரண்டாவதை நக்கல் என்று தள்ளிவிட ஏலாது. நியாயமான கேள்விதான். இந்த முறை தலையங்கத்தை அதுக்கே ஒதுக்கியிருக்கிறம்.

முதலில் கணக்கைப் பாப்பம். ஒரு தட்டு பட்டர் கேக்: 250 கிராம் பட்டர், அதே அளவு சீனி, அதே அளவு மா, ஐந்து முட்டை, கொஞ்சம் வனிலா. காஸ் செலவோடு சேர்த்து ஆறு பவுண்ஸ் என்று வைப்பம். 16 துண்டு வெட்டி, துண்டு இரண்டு பவுண்ஸுக்கு வித்தால் 32. செலவு போக மிச்சம் 26.

இதில் ஒரு வரி விடுபட்டிருக்கு. கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி, அடிச்சு, வேகவைச்சு, ஆறவிட்டு, வெட்டிச் சுத்தி, சட்டி கழுவி முடிக்க மூன்று மணித்தியாலம் வேணும். 2025 ஏப்ரலில் இந்த நாட்டுச் சட்டம் 21 வயதுக்காரருக்கு வைத்த குறைந்தபட்ச சம்பளம் மணிக்கு 12.21 பவுண்ஸ். மூன்று மணித்தியாலத்துக்கு 36.63. அதாவது நிதிக்குப் போற 26 பவுண்ஸை விட அதைச் செய்த ஆளின்ட உழைப்புக்குப் பெறுமதி கூட. மேசையில் இரண்டு பவுண்ஸ் தந்தவருக்கு நன்றி சொல்லுறம். அவர் கையில் ஒரு துண்டு கேக்கும் இருக்கு. பெரிய நன்கொடையாளர் குசினிக்குள் நின்ற ஆள். அவ அனேகமாக அம்மா, மாமி, அல்லது அக்கா. கூட்டத்தில் பேசுறவர்களின் பெயர் சுவரொட்டியில் வரும். இவவின்ட உழைப்பு கணக்குப் புத்தகத்தில்கூட வராது.

அப்ப இது வேண்டாத வேலையா? இல்லை என்று சொல்ல எங்களுக்கு ஒரு வரலாறு இருக்கு.

1955 டிசம்பர் 1. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொன்ற்கொமரி நகரம். பஸ்ஸில் இடம் விட மறுத்ததுக்காக ரோசா பார்க்ஸ் கைதானார். 5ஆம் திகதி தொடங்கிய பஸ் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. இதை நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படிச்சிருக்கிறம். ஆனால் அந்த 381 நாளும் கறுப்பினத் தொழிலாளர்கள் எப்படி வேலைக்குப் போனார்கள் என்று பாடப்புத்தகம் பெரிதாகச் சொல்லுறதில்லை. நிறையப் பேர் நடந்தார்கள். மற்றவர்களுக்காக நூற்றுக்கணக்கான கார்களைக் கொண்டு ஒரு போக்குவரத்து ஒழுங்கு நடந்தது. அதுக்குப் பெற்றோல் வேணும், ரயர் வேணும், காப்புறுதி வேணும். காசு எங்கயிருந்து வந்தது?

ஒரு பகுதி ஜோர்ஜியா கில்மோர் என்ற சமையல்காரியின் குசினியிலிருந்து வந்தது. அவவும் அவவின் தோழிகளும் கோழி சான்ட்விச், கேக், பை எல்லாம் செய்து, பெண்கள் தலைமுடி அலங்கரிக்கிற கடைகளிலும் லோண்ட்ரிகளிலும் டாக்ஸி நிக்கிற இடங்களிலும் வித்தார்கள். வெள்ளையினத்தவர்களும் வாங்கிச் சாப்பிட்டார்கள். சேர்ந்த காசை வாராந்தப் பொதுக்கூட்டத்தில் கில்மோர் கொண்டுபோய்க் கொடுப்பா. அந்தக் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர், 'எங்கிருந்துமில்லாத சங்கம்'. காசு எங்கயிருந்து வந்தது என்று கேட்டால், "எங்கயிருந்தும் இல்லை." அதுக்குக் காரணம் இருந்தது. அந்தப் பெண்களில் கனபேர் வெள்ளையினத்தவர் வீடுகளில் வேலை செய்தவர்கள். பெயர் வெளியில் வந்தால் வேலை போயிடும். கில்மோருக்கு அதுதான் நடந்தது. 1956இல் மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்கில் சாட்சி சொன்னா. சாப்பாட்டுக் கடையில் பார்த்த வேலை போனது. பிறகு வீட்டிலேயே சமைச்சு வித்துத்தான் பிழைச்சா. இயக்கத் தலைவர்கள் அவவின்ட மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே கூட்டம் நடத்தினார்கள்.

இதில் நாங்கள் எடுக்க வேண்டியது இரண்டு விசயம். பெயரை மறைத்தார்கள், ஆனால் கணக்கை மறைக்கவில்லை. எவ்வளவு சேர்ந்தது என்று சபைக்கு முன்னால் சொன்னார்கள். எங்கட சமூகத்தில் இது அனேகமாகத் தலைகீழ். ரியூப் லைட்டில் உபயகாரரின் பெயரை எழுதி, வெளிச்சம் வராமல் பண்ணுவம். அதே நேரம், வீடு வீடாகச் சேர்த்த காசு கடைசியில் எங்கே போனது என்று கேட்டால், கேட்டவர்தான் குற்றவாளி. அம்மா அப்பாவின் தலைமுறை கேட்டுக் களைச்சுப்போன கேள்வி இது. நாங்களும் அதே பதிலைச் சொல்லக் கூடாது.

இரண்டாவது, அந்த கேக் எதுக்குப் போனது என்பது. பஸ் கொம்பனியின் குறையை மூடுவதற்கு அவர்கள் கேக் விற்கவில்லை. கோரிக்கை வெல்லும் வரைக்கும் சனம் தாக்குப்பிடிக்க விற்றார்கள். எங்கட பள்ளிக்கூடங்களில் நடக்கிறது வேற. அரசு வெட்டின காசுக்கு ஈடாகப் பெற்றோர் கேக் விற்று வண்ணப் பென்சில் வாங்குகினம். பள்ளிக்கூடத்துக்கு முழுக் காசும் கிடைத்து, குண்டுவீச்சு விமானம் வாங்குறதுக்கு விமானப்படை கேக் விக்கிற காலம் வரட்டும் என்று அமெரிக்கப் பெண்கள் சமாதான இயக்கத்தினர் ஒரு காலத்தில் சுவரொட்டி அடித்தது சும்மா இல்லை. கேக் ஓட்டையை மூடினால், ஓட்டை போட்டவனுக்குத்தான் அது உதவி.

எங்கட நிதி எந்தப் பக்கம்? 2024இல், தாங்களே சமைக்க வேண்டிய தங்குமிடத்தில் இருக்கிற ஒரு அகதி விண்ணப்பதாரருக்கு உள்துறை அமைச்சு கொடுத்தது கிழமைக்கு 49.18 பவுண்ஸ். ஒரு நாளைக்கு ஏழு. அப்ப லண்டன் பஸ் 1.75, சட்டத்தரணியிடம் போய்வர 3.50. ஒரு நாள் காசில் பாதி. உழைத்துச் சம்பாதிப்பம் என்றால் அனுமதி இல்லை; பன்னிரண்டு மாதம் முடிவு வராமல் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம், அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு. அந்த விலைக்கு எங்கட ஒரு தட்டு கேக்கின் 26 பவுண்ஸ் ஏழு பயணம், போகவும் வரவும். வழக்குக்குப் போகாமல் விட்டால் ஒருவரின் உயிரே ஆபத்தில் இருக்கலாம் என்பதால், அந்த ஏழு பயணத்தைச் சின்ன விசயம் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் அதோடு நின்றால் உள்துறை அமைச்சின் ஓட்டையை மூடுற வேலைதான். ஆகவே கேக் மேசையில் கையெழுத்துத் தாளும் இருக்க வேணும்: அகதி விண்ணப்பதாரருக்கு இலவச பஸ், வேலை செய்யும் உரிமை.

குழு இந்த முறைக்கு முடிவு செய்தது இவ்வளவும்:

ஒன்று. விற்பனை முடிஞ்சு ஒரு கிழமைக்குள், வரவு, செலவு, மிச்சம், எத்தனை பயணம் என்ற கணக்கு இந்த மடலில் வரும். செய்தவர்களின் உழைப்பு மணித்தியாலமும் ஒரு வரியாக வரும்.

இரண்டு. செய்தவர் பெயர், முகம், படம் எதுவும் போட மாட்டம். எங்களுக்குள் விசாவில் இருக்கிறவர்களும் இருக்கினம், வழக்கு நடக்கிறவர்களும் இருக்கினம். யாரையும் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போட வேண்டாம்.

மூன்று. என்ன இருக்கு என்று எழுதி ஒட்டுங்கோ. ரிச் கேக்கில் கஜுவும் ரவையும் இருக்கு, சில வேளை பிரண்டியும். எள்ளுருண்டையில் எள்ளு. ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

நான்கு. "அம்மாட்டச் சொல்லிச் செய்விக்கிறன்" என்பது பங்களிப்பு இல்லை, தோழர். அம்மாவிடம் செய்முறையைக் கேளுங்கோ, பக்கத்தில் நின்று பழகுங்கோ, சட்டியை நீங்கள் கழுவுங்கோ. அடிக்கத் தெரியாட்டிப் பரவாயில்லை. மேசை தூக்க, கணக்கு எழுத, கையெழுத்து வாங்க ஆள் வேணும்.

தட்டு கொண்டு வாறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ. எத்தனை துண்டு என்றும் எழுதுங்கோ, விலைப்பட்டியல் அடிக்க வேணும்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக