மண்சரிவை அளந்தோம், மனிதரை அளக்கவில்லை

கொஸ்லந்த, மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயன்கள் புதையுண்டன. புதையுண்டோர் எத்தனை பேர்? முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் என்றார்கள். பின்னர் நாற்பதுக்கும் குறைவு என்றார்கள். ஒரு லயத்தில் யார் யார் வாழ்ந்தார்கள் என்பதைக்கூட உடனடியாகச் சொல்ல முடியாத நாட்டில், அந்த மக்களைப் பற்றிய ஆய்வுக்கு என்ன அவசியம் என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அந்த மலை சரியும் என்பது தெரிந்தே இருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. மண்ணைப் பற்றிய விஞ்ஞானம் தன் கடமையைச் செய்தது. அதன்பிறகும் மக்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள்? அறியாமை என்று சொல்வது எளிது. வேலையோடு பிணைந்த குடியிருப்பு, காணியுறுதி இல்லாத வாழ்வு, "போ" என்பவர் எங்கே போவது என்று சொல்லாத நிர்வாகம் ஆகியவற்றை எந்த மண் பரிசோதனையும் காட்டாது. அது சமூக விஞ்ஞானத்தின் வேலை.

முதல் எச்சரிக்கை வந்த அதே 2005இல்தான் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. விலங்கு விஞ்ஞானம், ஏற்றுமதி விவசாயம், தொழில்நுட்பம், முகாமைத்துவம் ஆகியவற்றை நோக்கியே அது திட்டமிடப்பட்டது. தேயிலையின் பெறுமதியைக் கூட்டும் வழிகளை ஆராய இடம் கிடைத்தது. தேயிலை பறிப்பவரைப் பற்றி ஆராய ஒரு பீடம் அத்திட்டத்தில் இடம்பெறவில்லை. இதை யாரும் ஒரு குறையாகக் கருதவில்லை என்பதே பெரிய குறை.

"கலைப் பட்டதாரிகளுக்கே வேலையில்லை, முதுமாணி எதற்கு?" என்கிறார்கள். வேலையில்லாமைக்குக் காரணம் பொருளாதாரம். பாடத்தைத் தண்டிப்பது எந்த நியாயம்? 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இல் இரு பிரதமர்களால் தலைக்கணக்காகப் பங்கிடப்பட்ட சமூகத்துக்குத் தன்னைத் தானே எண்ணவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். அது ஆடம்பரமன்று, தற்காப்பு.

நம்மவரையும் சும்மா விட முடியாது. சம்பளப் படியேற்றத்துக்காக முதுமாணி செய்வது பாவமில்லை. ஆனால் அதற்காக எழுதிய ஆய்வேட்டை நூலகத்தின் இருட்டில் வைத்துவிட்டு, வினாக்கொத்துக்குப் பதில் சொன்ன தோட்டத்துக்கு ஒரு பிரதிகூடக் கொடுக்காதிருப்பது நன்றிகெட்ட செயல். வலன்டைன் டேனியலின் நூல் 1996இல் வந்தது. மைத்ரி ஜெகதீசனின் நூல் 2019இல் வந்தது. இரண்டும் மதிப்புக்குரியவை, இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பற்றிய நூலை அவளுடைய மகள் தமிழில் படிக்க வேண்டாமா? பல்கலைக்கழகப் பதவி எதுவுமின்றி சாரல்நாடன் கோ. நடேசய்யரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். ஒரு தனிமனிதர் செய்ததை, நிதியும் நூலகமும் பேராசிரியர்களும் கொண்ட நிறுவனங்கள் தொடர்ந்து செய்யாததற்கு என்ன சாட்டு?

கேட்பது அதிகமில்லை. ஊவாவில் தமிழிலும் சிங்களத்திலும் பட்டப்பின் படிப்பு நடத்தும் ஒரு சமூக விஞ்ஞான ஆய்வுமையம் வேண்டும். தோட்டங்களின் பழைய செக்ரோல்களும் பதிவேடுகளும் கறையானுக்கு இரையாகுமுன் ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும். ஒவ்வோர் ஆய்வேட்டின் சுருக்கமும் ஆய்வு நடந்த தோட்டத்துக்குத் தமிழில் போய்ச் சேர வேண்டும். புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழ் இருக்கைகளுக்கு வாரி வழங்கும் அன்பர்கள், ஒரு தோட்டப் பிள்ளையின் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

ஊவாவின் சரிவுகளில் லயன்கள் இன்னும் இருக்கின்றன. அடுத்த எச்சரிக்கை வரும்போது, அதை நிறைவேற்ற விடாமல் தடுப்பது எது என்பதை ஆதாரத்தோடு சொல்ல நம்மிடம் ஆள் வேண்டும்.