வலியதுறைக் கடற்பாலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் வசிக்கும் கொல்லங்கோட்டானுக்குக் கடற்பாலத்தில் என்ன அக்கறை என்று தாங்கள் வினவலாம்; ஆயினும், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளில் வந்த சரக்கைக் கரைசேர்த்த திருவனந்தபுரத்து வலியதுறைப் பாலத்தின் சரித்திரத்தை எண்ணுந்தோறும் மனம் சஞ்சலமடைகிறது. 1947-இல் கப்பலொன்று மோதிப் பழைய இரும்புப் பாலம் சிதைந்தது; உயிர்ச்சேதமும் நேர்ந்தது. கேரள ராஜ்யம் உதயமான 1956-இல் புதிய பாலம் எழும்பிற்று எனினும், ஆழ்ந்த துறையும் ரயில் வசதியும் வாய்த்த கொச்சியின் முன்னே அதன் வர்த்தகம் நீடிக்கவில்லை. 2021-இல் கடற்சீற்றத்தால் சாய்ந்த அது, 2024-இல் இரண்டாகப் பிளந்தது. அருகே விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கோடிகளை வாரியிறைக்கும் சர்க்கார் (அது அவசியமே), எஞ்சிய பகுதியைச் செப்பனிட்டு, அதன் வரலாற்றைக் கல்லில் பொறித்து அங்கே நிறுவலாகாதா?

இங்ஙனம்,
ஒரு வாசகன்,
கொல்லங்கோடு