சாயம் வெளுக்கும் மீனும் வியாபார நாணயமும்

பச்சைப் பட்டாணியில் மாலக்கைட் பச்சை, மஞ்சள் தூளில் ஈயக் குரோமேட், துவரம் பருப்பில் மெட்டானில் மஞ்சள் என்று சரக்குக்குச் சாயம் பூசி விற்பவர்களால் நாணயமான வியாபாரிகளுக்கு எத்தனை தலைகுனிவு ஏற்பட்டது என்பதை நாம் அனைவரும் அறிவோம். சரக்கின் நிறம் சரக்கிலிருந்தே வர வேண்டும் என்பது மளிகைக் கடையின் பாலபாடம். அந்தப் பாடத்தை இப்போது வண்ண மீன் தொட்டிக்கும் சொல்ல வேண்டிய நிலை வந்திருக்கிறது.

மீனுக்கும் மளிகைக்கும் என்ன சம்பந்தம் என்று சில அன்பர்கள் கேட்கலாம். இன்று மளிகைக் கடைகளிலும் மீன் தீவனப் பொட்டலம் தொங்குகிறது. கடையின் ஓர் ஓரத்தில் தொட்டி வைத்து மீன் விற்கும் சிறு வணிகர்களும் உண்டு. சென்னை கொளத்தூரோ வண்ண மீன் மொத்த வியாபாரத்துக்குப் பேர் பெற்ற இடம். ஆகவே இது நம்மவர் தொழில்தான்.

நீண்ட துடுப்பும் புதுப்புது நிறமும் கொண்ட மீன்களையே வாடிக்கையாளர் விரும்பிக் கேட்கிறார். விசித்திரமாகத் தெரிவது எல்லாமே போலி என்று நினைக்க வேண்டாம். சீனாவில் சாதாரணக் கெண்டை இனம் ஒன்றில் தற்செயலாகத் தோன்றிய பொன்னிறக் குஞ்சுகளை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பொறுக்கி வளர்த்ததில் கிடைத்ததே தங்க மீன். அதன் இரட்டை வால் ஒரு மரபணு மாற்றத்தால் வந்தது. கொய் மீனின் வண்ணங்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் நீகாட்டா பகுதி விவசாயிகள் பொறுக்கி வளர்த்து உருவாக்கியவை. நம் நாட்டு ஓடைகளில் வாழும் ஜீப்ரா மீனில் நீளத் துடுப்பு வகை ஒன்று இருக்கிறது. உடலின் செல்களுக்குள் பொட்டாசியம் போய்வரும் வழியில் ஏற்பட்ட சிறு மாற்றத்தால், துடுப்பு வளர்ந்தது போதும் என்ற கட்டளை அதற்குச் சரியாகக் கிடைப்பதில்லை. இவையெல்லாம் பிறவிக் குணங்கள். குஞ்சுகளுக்கும் இறங்கும். பல தலைமுறை உழைப்புக்கு உரிய விலை வாங்குவதில் தவறே இல்லை.

ஆனால் நீண்ட துடுப்பு மீனுக்குச் சுமையும்கூட. வேகமாக நீந்த முடியாது. டைகர் பார்ப் போன்ற துடுப்பைக் கடிக்கும் மீனோடு விட்டால் கிழிபட்டுப் போகும். தண்ணீர் கெட்டால் துடுப்பு அழுகல் எளிதில் பற்றும். இதைச் சொல்லி விற்பதே முறை.

நிறம் மாறுவதற்கும் இயற்கையான காரணங்கள் உண்டு. தங்க மீன் குஞ்சு முதலில் பித்தளை நிறத்தில் இருந்து, சில மாதங்களில்தான் பொன்னிறம் ஏறும். பெரிய மீனில் திடீரென்று கறுப்புத் திட்டு தோன்றினால், அம்மோனியாவால் புண்ணான தோல் ஆறி வரும் அடையாளமாக இருக்கலாம். புது இடத்துக்கு வந்த மிரட்சியிலும் நிறம் மங்கும். சிவப்பையும் மஞ்சளையும் தரும் கரோட்டினாய்டு சத்தை மீன் தன் உடலில் தானே உண்டாக்கிக் கொள்ள இயலாது. இறால், ஸ்பைருலினா போன்ற தீனியிலிருந்துதான் பெற வேண்டும். கோழித் தீவனத்தைப் பொறுத்து முட்டையின் மஞ்சள் கரு மாறுவது போலத்தான் இது. நல்ல தீவனத்தால் வரும் நிறம் நேர்மையான நிறம்.

நாம் கண்டிப்பது வேறு. கண்ணாடி மீன் என்ற சிறு மீன் நம் நாட்டு நீர்நிலைகளில் இயல்பாக வாழ்வது. உடல் ஊடுருவித் தெரியும் அந்த மீனுக்குள் ஊசியால் சாயம் ஏற்றி, வண்ணக் கோடு போட்டு விற்கிறார்கள். வேறு சில மீன்களின் மேல்தோல் வழுவழுப்பை மருந்தால் அகற்றிச் சாயத்தில் முக்குகிறார்கள். பேரட் மீனுக்கு ஊதாவும் நீலமும் இப்படித்தான் ஏறுகின்றன. பிழைக்கும் மீனிலும் சில மாதங்களில் சாயம் வெளுத்துவிடும். இங்கிலாந்தில் 1996-இல் ஒரு மீன் வளர்ப்பு இதழ் இதை எதிர்த்து இயக்கம் தொடங்கியபோது, சாய மீன் விற்பதில்லை என்று கடைக்காரர்கள் பலர் உறுதி கொடுத்தார்கள். சாயம் ஏற்றிய கண்ணாடி மீன்களில் லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய் அதிகம் இருப்பதும் அங்கே தெரிய வந்தது.

இன்னொரு தந்திரம் ஹார்மோன். கப்பி, கௌராமி போன்றவற்றுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தால் பெண் மீனும் ஆணைப் போல் மினுக்கும். மருந்து நின்றதும் நிறமும் போகும். இனப்பெருக்கத் திறனும் கெடும். ஒளிரும் மரபணு மாற்று மீன்கள் அமெரிக்காவில் 2003 இறுதியிலிருந்து விற்கப்படுகின்றன. நம் நாட்டிலோ 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் மரபணு மாற்று உயிரினம் எதையும் விற்கக் கூடாது.

"மொத்த வியாபாரி அனுப்புகிறார், வாடிக்கையாளர் கேட்கிறார், நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார்" என்பது வழக்கமான சமாதானம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மீன் வாங்கும் சிறுவனின் தாயார் நம்மிடம்தான் மாதச் சாமான் வாங்குகிறார். பிள்ளை ஆசையாய் வளர்த்த மீன் வெளுத்துச் செத்தால், அந்த வீட்டின் சந்தேகம் தொட்டியோடு நிற்காது. நம் பருப்பு மூட்டை வரை வரும். ஒரு ஜோடி மீனில் கிடைக்கும் லாபம் எங்கே, வருஷக் கணக்கான வாடிக்கை எங்கே?

நஷ்டம் நமக்கு மட்டுமில்லை. குஞ்சு பொரித்து, நல்ல தீனி போட்டு, மாதக் கணக்கில் காத்திருந்து நிறம் கொண்டு வரும் சிறு வளர்ப்பாளர் இருக்கிறார். ஊசி போட்டு ஒரே நாளில் நிறம் ஏற்றுகிறவனோடு அவர் விலையில் போட்டியிட முடியாது. சாய மீனை நாம் வாங்கினால் அவர் பிழைப்பில் மண் விழும்.

ஆகவே அன்பர்கள் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். கொள்முதலின்போது நிறம் பிறவியிலா, தீவனத்தாலா, செயற்கையா என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள். தொட்டியின் மேல் அதையே அட்டையில் எழுதி வையுங்கள். சாயம் ஏற்றிய மீன் என்று தெரிந்தால் பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்புங்கள். சங்கக் கிளைகள் இதைத் தத்தம் கூட்டங்களில் விவாதித்துத் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம். சட்டம் வந்து நம்மைத் திருத்துவதற்கு முன் நாமே திருந்திக் கொள்வது வணிகர் குலத்துக்குப் பெருமை.