குடற்பை அறுவைக்குப் பின் இருபது ஆண்டுக் கணக்கு

பெருங்குடல் முழுவதும் அகற்றப்பட்ட ஒருவர் தையல் ஆறி வீடு திரும்பும் நாளில், ‘அறுவை சிகிச்சை வெற்றி’ என்று மருத்துவர்கள் எழுதிவிடுகிறோம். அச்சொல்லை அன்றே எழுதுவது அவசரம் என்பது என் கருத்து. இந்த அறுவையைச் செய்துகொள்பவர்களில் பலர் இளம் வயதினர். இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் அவர்கள் அந்த உடலோடு வேலைக்குப் போக வேண்டும், பேருந்தில் பயணம் செய்ய வேண்டும், மணம் முடித்துப் பிள்ளை பெற வேண்டும். வெற்றியா என்பதை அந்த ஆண்டுகளே சொல்ல இயலும்.

மருந்துக்குக் கட்டுப்படாத அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பரம்பரையாக வரும் பாலிப் நோய் ஆகிய இரண்டுமே இந்த அறுவைக்கு முதன்மைக் காரணங்கள். பெருங்குடலையும் மலக்குடலையும் நீக்கியபின், சிறுகுடலின் கடைப்பகுதியை மடித்துத் தைத்து ஒரு பையாக்கி மலவாயோடு இணைக்கிறார்கள். 1978இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸ், நிக்கல்ஸ் ஆகியோர் இம்முறையை வெளியிட்டனர். 1980இல் ஜப்பானின் உட்சுனோமியா அதை ‘ஜே’ எழுத்தின் வடிவத்துக்கு எளிமையாக்கினார். இன்று பெரும்பாலும் செய்யப்படுவது அந்த ‘ஜே’ வடிவமே. உள்ளே தைப்பதையும், வயிற்றின் வெளியே ஒட்டுவதையும் தமிழில் ‘பை’ என்றே சொல்வதால், அறுவை முடிந்த பிறகும் எது எதுவென்று குழம்புவோர் உண்டு. எனவே உள்ளிருப்பதைக் குடற்பை என்றும், வெளியிருப்பதை ஸ்டோமா பை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

நீண்டகால முடிவுகள் நம்பிக்கை தருபவையே. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1981 முதல் 2000 வரை அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 1,900 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்கு 92 பேருக்குக் குடற்பை நிலைத்திருந்தது. பகலில் ஏறத்தாழ ஆறு முறையும், இரவில் ஒன்றிரண்டு முறையும் அவர்கள் மலம் கழித்தனர்.

இந்த ‘ஆறு முறை’யை நாங்கள் எளிதாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். தொண்டாமுத்தூர்ப் பக்கத்தில் வாழைத்தோட்டத்துக்குக் களையெடுக்கப் போகும் ஒரு பெண்ணுக்கு அது என்ன பொருள் தரும்? தோட்டத்தில் கழிப்பறை இல்லை. காந்திபுரம் செல்லும் பேருந்திலும் இல்லை. ஆனால் நோய்க்காலத்தில் நாளுக்குப் பதினைந்து முறை இரத்தத்தோடு ஓடியவருக்கு, எண்ணிக்கை குறைந்ததைவிட அடக்கிக்கொள்ள முடிவதே பெரிய விடுதலை. நல்ல நிலையிலுள்ள குடற்பை அரைமணி நேரமாவது பொறுக்கும். இவ்விரண்டையும் சேர்த்தே அறுவைக்கு முன் சொல்ல வேண்டும்.

பெருங்குடல் செய்துவந்த வேலை நீரையும் உப்பையும் உறிஞ்சுவது. அது போனபின் வெயிலில் உழைப்பவர்களுக்குத் தலைசுற்றலும் கெண்டைக்கால் பிடிப்பும் வரலாம். ஆண்டுக்கணக்கில் நீர் குறைந்தால் சிறுநீரகக் கல்லும் வரக்கூடும். நம் ஊரில் இதற்கு உடனே இளநீர் வெட்டுவார்கள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. இழந்ததோ பெரும்பாலும் சோடியம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும், மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் இதற்கு மேலானவை. வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பது போக்கைக் கூட்டவே செய்யும்.

கொலைட்டிஸுக்காக அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒருமுறையேனும் குடற்பையில் அழற்சி வருகிறது. மருத்துவர்கள் இதைப் பவுச்சைட்டிஸ் என்பர். போக்கு திடீரென்று கூடும், அவசரம் திரும்பும், அடிவயிறு வலிக்கும். பழைய நோயே வந்துவிட்டதென்று பலர் அஞ்சுகின்றனர். பெரும்பாலோருக்கு இரண்டு வார ஆன்டிபயாட்டிக் மருந்தில் அடங்கிவிடும். சிலருக்கே அது நீடிக்கிறது. உடம்புவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் இதைத் தூண்டக்கூடும். தோட்ட வேலை செய்வோர் இதைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

நாங்கள் மிகவும் தயங்கிப் பேசுவது பிள்ளைப்பேற்றைப் பற்றி. இடுப்புக்குள் செய்யும் இந்த அறுவை, கருக்குழாய்களைச் சுற்றி ஒட்டுகளை உண்டாக்கி, இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. லேப்ராஸ்கோப்பி முறையில் இக்குறை சற்றுத் தணிகிறது. கருத்தரித்துக் குழந்தை பெற்றவர்கள் பலர் உள்ளனர். பெருங்குடலை மட்டும் முதலில் அகற்றி, ஸ்டோமா பையோடு இருந்து, பிள்ளை பெற்றபின் குடற்பை வைத்துக்கொள்ளும் வழியும் சிலருக்குப் பொருந்தும். “கல்யாணம் ஆகாத புள்ளைகிட்ட இதையெல்லாம் ஏனுங்க சொல்றீங்க?” என்று பெற்றோர் கேட்கும்போது அவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் அவளுக்காக முடிவெடுப்பதை என்னால் ஏற்க இயலாது. ஆண்களுக்கு நரம்புப் பாதிப்பு அரிது. அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நிரந்தர ஸ்டோமா பையைத் தோல்வியாகப் பார்க்கும் மனநிலையும் மாற வேண்டும். மலவாய்ச் சுருக்குத்தசை தளர்ந்த முதியவருக்கும், நாள் முழுதும் லாரி ஓட்டுபவருக்கும் அது குடற்பையைவிட நல்ல வாழ்வைத் தரக்கூடும். மேயோ கணக்கில் குடற்பை நிலைக்காத அந்த எட்டுப் பேரைப் போன்றோர் பெரும்பாலும் இதற்கே திரும்புகின்றனர். முதலிலேயே இதைத் தேர்ந்துகொள்பவரைக் கோயில் விசேஷத்தில் தள்ளி உட்காரச் சொல்வது நோயின் குற்றமன்று, நம் குற்றம்.

இரண்டாம் ஆண்டுக்குப்பின் பலர் வருவதை நிறுத்திவிடுகின்றனர். நன்றாக இருக்கிறோமே என்ற எண்ணமும், ஒருநாள் கூலி போகிறதே என்ற கவலையும் காரணம். ஆண்டுக்கு ஒருமுறை இரத்தசோகை, வைட்டமின் பி12, சிறுநீரகப் பரிசோதனைகள் போதும். பாலிப் நோய்க்காகவோ, அகற்றிய குடலில் புற்றுநோய் இருந்ததாலோ அறுவை நடந்திருந்தால் குடற்பைக்கு எண்டோஸ்கோபி தொடர வேண்டும். பாலிப் நோய் உள்ளவர்களுக்கு முன்சிறுகுடலையும் பார்க்க வேண்டும். அவர்களின் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.

அறுவைக் குறிப்புகள் அடங்கிய டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலொன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். வயிற்றுப்போக்கென்று ஊர் மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.