கொடி இறங்கிய பின்னும் கலை வாழவேண்டும்

கொடியேற்றம் நிகழ்ந்த நாள்முதல் ஆலயத்தில் நாதசுரமும் தவிலும் முழங்குகின்றன, தேவாரம் ஒலிக்கிறது, பரதம் நடைபெறுகிறது. நம் நாட்டில் தமிழர்தம் கலைகளுக்கு இன்றளவும் பெருமேடையாக விளங்குவது ஆலயமே. ஆயினும், விழா முடிந்து கொடி இறங்கியபின் அக்கலைகளைக் கற்பிப்போர் யார்? ஆராய்ந்து எழுதிவைப்போர் யார்? இப்பணியில் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதற்குச் சிதம்பரம் நல்லதொரு சான்று. கூத்தப்பெருமான் திருக்கோயில் கொண்ட அந்நகரில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அரசர் அண்ணாமலைச் செட்டியார், அங்கே இசைக்கல்விக்கும் இடமளித்தார். கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாடல்கள் அருகியிருந்த காலத்தில், அவற்றை வளர்க்கப் பொருளுதவியும் செய்தார். 1941-இல் அப்பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடு பேரியக்கமாக விரிந்தது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. ஓதுவார் மரபில் வந்த எம்.எம். தண்டபாணி தேசிகர் அப்பல்கலைக்கழகத்தின் இசைப் பேராசிரியராக அமர்ந்தார். கோயிலில் வாழ்ந்த பண்ணுக்குக் கல்விக்கூடம் அளித்த மதிப்பு அது.

இலங்கைக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளும் 1931-இல் அங்குத் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவரே. வழக்கொழிந்த யாழினைப் பல்லாண்டு ஆராய்ந்து அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947-இல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அறிஞரின் ஆய்வு ஆலயத்தில் அரங்கேறிய அந்நிகழ்ச்சி, கோயிலும் கல்வியும் ஒன்றுக்கொன்று துணை என்பதை உணர்த்துகிறது.

நம் நாட்டிலும் இதற்கு அடித்தளம் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கப்பெற்றது. அதன் தலைவராயிருந்த தனிநாயகம் அடிகளின் அரும்முயற்சியால் 1966-இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தேறியது. மொழிக்காக எழுந்த அவ்வூக்கம் நம் ஆலயக் கலைகளுக்காகவும் எழவேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். தோட்டக் கோயில்களில் உறுமி முழக்கியோரும் காவடிப் பாடல் பாடியோரும் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் அறிந்த தாளமும் பாட்டும் எழுத்திலும் ஒலிப்பதிவிலும் இடம்பெறாவிடின், அவர்களோடு அவையும் மறைந்துபோகும்.

ஆகவே, ஆலய நிர்வாகங்கள் திருவிழாச் செலவில் ஒரு சிறு பகுதியை இவ்வாய்வுக்கும், கலை பயிலும் மாணவர்க்கும் ஒதுக்க முன்வர வேண்டும். பல்கலைக்கழக மாணவர்களும் நூலகத்தோடு நின்றுவிடாமல், ஒலிப்பதிவுக் கருவியுடன் ஆலயங்களை நாடி முதியோர் வாய்மொழியைத் திரட்ட வேண்டும். அவர்கள் பாடவும் முழக்கவும் வல்லவராய் இருக்கும்போதே இப்பணி தொடங்கட்டும். கொடி இறங்குவது மரபு. அதனோடு கலையும் இறங்கிவிடலாகாது.